முன்வாசலில் நுழையாத வீட்டுக்காரர்

போன செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனம் அலுவலகத்தில் நான் விதை மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செஞ்சி விதை டெப்போ வாட்ச்மேன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"சார், நம்ம சமுத்திரவிஜயன் சார் பூட்டாரு. தூக்கத்துலயே. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்றாங்க. கெளம்புங்க."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை முறை சொல்லியும் கேட்காமல், தாம் கட்டிய வீட்டுக்குள் ஒரு நாள்கூட முன்வாசல் வழியாக நுழையாமலே போய்விட்டாரே மனிதர்!

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்டூர்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். வேளாண்மை அதிகாரியாக இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளில் அவர் கால் படாத வரப்பு கிடையாது. அறுபத்திரண்டில் அவரையும், அவருக்குக் கீழே வேலை பார்த்த என்னையும் மண்வளப் படிப்புக்காக அரசாங்கம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. தலை நரைத்தவர் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதுவதைப் பார்த்து அங்கிருந்த பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஊரில் இருந்தவரை தம் பிறந்தநாள் எதுவென்றே யோசித்துச் சொல்பவர், அங்கே போனதும் ஒரு விசேஷ நாளையும் விடவில்லை. தீபாவளிக்கு ஜன்னலோரம் ஒற்றை மெழுகுவர்த்தி வைத்தார். கல்யாண நாளன்று இரண்டு ஆப்பிள் வாங்கி வந்து, விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் கீற்றுக் கீற்றாக நறுக்கிக் கொடுத்தார். "வுட்டுட்டா மறந்துடும்யா" என்பார். எது மறந்துவிடும் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அவர் கிளம்பும்போது செஞ்சியில் வீடு பாதிச் சுவராக நின்றது. மீதியை முடித்தவர் அவருடைய துணைவியார் பத்மாவதி அம்மையார். தை மாதம் குடிபோயாக வேண்டும். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாமல் எப்படி நுழைவது என்று உறவினர்கள் கேட்டபோது, அம்மையாரே ஒரு வழி கண்டுபிடித்து அவருக்கு எழுதினார். காலை ஒன்பது மணிக்கு நான் இங்கே வலது காலை வைத்துப் பால் காய்ச்சுகிறேன், அதே நேரத்துக்கு நீங்கள் அங்கே உங்கள் அறையில் செய்யுங்கள், சேர்ந்து போன மாதிரிதான் என்று.

அதைப் படித்துவிட்டு அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டையைத் தாமே துவைத்து இஸ்திரி போட்டார். குடிபோகும் நாளன்று மதியம் இரண்டரை மணிக்கு விடுதிக்கார அம்மாள், யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர், நான் எல்லோரும் கூடி நிற்க, வலது காலை எடுத்து வைத்து அறைக்குள் நுழைந்தார். பால் பொங்கியது. விடுதிக்கார அம்மாள் பதறிப்போய் அடுப்பை அணைக்க ஓட, அவர் கையை விரித்துத் தடுத்தார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

யாழ்ப்பாணத்துக்காரர் பாலைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, இப்ப உங்கட ஊரில இரவு எட்டு மணியெல்லோ? இருட்டினாப் பிறகு ஆர் குடிபூருறது?"

ஐந்தரை மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தார். மழைக் கணக்கில் புலி அவர். அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சமண முறைப்படி இருட்டிய பிறகு வாயில் எதுவும் படாத குடும்பம் அது. செஞ்சியில் ஒன்பது மணி அடித்தபோது இங்கிலாந்தில் விடிவதற்கு வெகுநேரம் இருந்தது.

அம்மையாரின் பதில் வந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நுழைந்தேன், நீங்கள் கூடவே வந்தது எனக்குத் தெரிந்தது என்று எழுதியிருந்தார். அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, "அந்நேரம் நான் போத்திக்கினு தூங்கினு இருந்தேன்யா" என்றார். "சொல்லிடுங்க சார்" என்றேன். "இவ்ளோ சந்தோஷமா எழுதியிருக்கறா. எப்டிச் சொல்றது? நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்."

அது நடக்கவில்லை. அந்த வருட ஐப்பசி மழையில் அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. தந்தி வந்து, கப்பல் பிடித்து அவர் ஊர் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது.

நான் படிப்பை முடித்துத் திரும்பி அவரைப் பார்க்கப் போனேன். தெருமுனையிலிருந்து கூட்டி வந்தவர், முன்வாசலைத் தாண்டி, பின்கதவுக்குப் போகும் பக்கத்துச் சந்தில் திரும்பினார்.

"இன்னா சார், வாசல் இங்க இருக்குது?"

"அவ எனக்கு எடம் வுட்டு நொழஞ்சா. நான் வரல. இப்பத் தனியா எந்தக் காலை வெச்சு நொழையறது?"

"காலுக்கு இன்னா சார், ரெண்டும் உங்களுதுதான்" என்றேன். சிரித்தார். ஆனால் சந்து வழியாகத்தான் போனார். அதற்குப் பிறகு நானும் கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், இரண்டு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். அசையவில்லை. ஆனால் விவசாயிகள் யார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வாசலில் நிற்கும் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்பார். ஊரார் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியாது.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சந்தில் பாடை திரும்பாது, முன்கதவைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றார்கள். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி நான்தான் அதைத் திறந்தேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஐந்து வருடம் நுழையாத வாசல் வழியாக அவரை வெளியே தூக்கினோம்.

முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்தவன் நான். வாசற்படியைத் தாண்டும்போது, கூடவே நெருக்கிக்கொண்டு வந்தவரைக் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னேன். அவர் ஓரடி விலகினார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நடந்தோம்.

போய் வாருங்கள், சார். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.