அடுத்த பெட்டியில் என்ன பொம்மை

அந்த விளையாட்டை நாங்கள் விளையாடியது கொஞ்சம், பேசியதுதான் அதிகம். குற்றம் எங்களுடையது அல்ல, கரண்ட்டுடையது. பர்மாவில், லான்மடா பேட்டையில் இருந்த எங்கள் தெருவுக்கு ஒரு நாள் காலையில் வரும், மறுநாள் சாயங்காலம் வரும், அதற்கடுத்த நாள் அதன் இஷ்டம். வந்தவுடன் தெரு முழுக்க "மீ லாபி!" என்று கூச்சல் எழும். விளக்கு வந்துவிட்டது என்பதைப் பர்மிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள், வோல்டேஜ் படுத்துவிடும், எங்கள் கம்ப்யூட்டரும் கூடவே படுத்துவிடும். திரை இருண்டதும் நாங்கள் பேச ஆரம்பிப்போம். அடுத்த பெட்டியில் என்ன பொம்மை வரும் என்பதுதான் பேச்சு.

பெட்டிகளைக் கொண்டுவந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மியர், அவர்கள் வீடு ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார், மிச்ச நாள் எங்களோடு இருப்பார். எங்களோடு என்றால் அக்காவும் நானும். எங்கள் அப்பா அம்மா இறந்த பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். நான் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகளைக் கொஞ்சம் சிவப்பாக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டரில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது.

ஊரையே புரட்டிப்போட்ட பெரிய புயலுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அத்தான் சிங்கப்பூரிலிருந்து முதல் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு வெள்ளைத் தட்டும், கட்டைவிரல் உயரத்தில் சில ரப்பர் பொம்மைகளும் இருந்தன. தட்டின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி அதன்மேல் ஒரு பொம்மையை வைத்தால், அதே பொம்மை திரைக்குள் எழுந்து நடக்கும். எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் உள்ளே நடப்பதும் ஆள் மாறிவிடும். மீசை வைத்த ஆம்பிளை நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை என்ற கர்வமும் சேர்ந்துகொண்டது.

திரைக்குள் ஒரு சின்ன ஊர் இருந்தது. அதன் நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் கதவுகள். ஒவ்வொரு கதவும் அதற்குரிய பொம்மைக்குத்தான் திறக்கும். எங்களிடம் இருந்த பொம்மைகளுக்குச் சில கதவுகள் திறந்தன. மற்றவை பூட்டிக் கிடந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்பு நிழலுருவம் மட்டும் தெரிந்தது. அந்த உருவத்துப் பொம்மை இனிமேல்தான் கடைக்கு வரும் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அக்கா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். அத்தான் ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் கேட்பாள், அவர் பயணப் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவாள், கிளம்பும் வரை கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"போதுங்க. இனிமே கப்பலுக்குப் போகாதீங்க. இங்கயே எதாச்சும் பாத்துக்கலாம்."

அத்தானிடம் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரு பர்மியச் சொல் இருந்தது. "யாபாதெ", அதாவது பரவாயில்லை. டீ ஆறிப்போனாலும் யாபாதெ, கூரை ஒழுகினாலும் யாபாதெ. அன்று அதைச் சொல்லாமல் திரையைக் கைகாட்டினார்.

"இந்தக் கதவெல்லாம் தொறந்து முடியட்டும். அன்னிக்கே கப்பலுக்கு டாட்டா."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அதுவரை கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பூட்டிய கதவுகளை எண்ணினாள்.

அத்தான் கப்பலுக்குத் திரும்பிய பிறகு எங்கள் சபையில் மூன்று பேர். நான், அக்கா, கீழ்த்தளத்தில் பேட்டரி கடை வைத்திருந்த பர்மியர். அவரை நாங்கள் கோகோ என்று கூப்பிடுவோம், அண்ணன் என்பதுதான். விளக்குக்கு மட்டும் வைத்திருந்த இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு நாள் மேலே வந்தவர், பொம்மை திரைக்குள் நடப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் பேட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் தேவைப்பட்டது. அவர் இருக்கும்போது எல்லோரும் பர்மிய மொழியில்தான் பேசுவோம். அக்கா என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழுக்கு வருவாள்.

அந்த விளையாட்டைப் பற்றிச் செய்தி தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியே இல்லை. இன்டர்நெட் கடைக்குப் போய் உட்கார்ந்தால், பொம்மையின் படம் நெற்றி வரை இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். எங்களிடம் இருந்தது பெட்டியின் பின்பக்கமும் கதவுகளின் மேல் இருந்த நிழல்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குவோம். இரண்டு கொம்புள்ள ஒரு நிழலை நான் எருமை என்றேன். புத்தர் கோயிலான பகோடாவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் சிங்கம் அது என்று கோகோ சாதித்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கு நம் பகோடா சிங்கம் எப்படித் தெரியும் என்று கேட்டால், அவன் சுற்றுலா வந்திருக்கமாட்டானா என்பார். இன்னொரு நிழலைக் காட்டி அக்கா, "இது கெட்டில். மூக்கு தெரியல?" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்கும் அது கெட்டிலாகவே தெரிந்து தொலைத்தது.

விளையாட்டுக்குப் பேசுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். போகப் போகத்தான் அவள் பேச்சின் போக்கு புரிந்தது. எருமையோ சிங்கமோ, அக்காவுக்கு அதில் அக்கறை இல்லை. எத்தனை என்பதுதான் அவளுக்கு வேண்டும், அதையும் குறைத்துக்கொண்டே வருவாள். "இந்த ரெண்டு நிழலும் ஒரே பொம்மதான். ஒண்ணு முன்னாலருந்து பாத்தது, ஒண்ணு பின்னாலருந்து." "இந்தக் கதவு சும்மா அழகுக்கு வரைஞ்சது, தொறக்கறதுக்கில்ல." கோகோவும் நானும் அதற்கு நேர்மாறு. எங்களுக்கு ஊர் பெரிதாகவேண்டும். சதுக்கத்தின் ஓரத்தில் தெரிந்த பாலத்தைக் காட்டி, அந்தப் பக்கம் இன்னொரு ஊரே இருக்கிறது, இன்னும் பத்துப் பெட்டி வரும் என்று அடித்துச் சொல்வோம்.

புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன. போனும் செத்துப்போயிருந்தது, அத்தானின் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கீழே குழாயடியில் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏற்றும்போது, நடுவில் படிக்கட்டிலேயே மூச்சு வாங்க உட்காருவோம். அப்போதும் அக்கா அந்தப் பேச்சையே எடுப்பாள்.

"அந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு பெட்டிதான் போடுமா? ரெண்டு போட்டா என்னவாம்?"

"கம்பெனிக்காரன நான் என்ன நேர்ல பாத்தேனாக்கா?" என்று எரிந்து விழுந்தேன். தண்ணீர் சுமந்த அலுப்பு எனக்கு. அவள் வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அந்த வருஷக் கடைசியில் அத்தான் இரண்டாவது பெட்டியோடு வந்தார். கொம்பு வைத்தது எருமையும் இல்லை, சிங்கமும் இல்லை, பனிக்குல்லா போட்ட ஏதோ ஒரு பூதம். அதைத் தட்டில் வைத்ததும் சதுக்கத்தின் பெரிய கதவு திறந்தது. பொம்மை உள்ளே நடந்தது. அங்கே பனி மூடிய ஒரு நீளத் தெரு, இரண்டு பக்கமும் வரிசையாகப் புதுக் கதவுகள், எல்லாவற்றிலும் புதுப்புது நிழல்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். கோகோ என் முதுகில் ஓங்கி அடித்தார். "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று இரண்டு பேரும் கத்தினோம். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "கம்பெனிக்காரன் நல்லவன், தம்பி" என்றார். அக்கா எழுந்து போய் அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்தாள். அந்தச் சோற்றை அவள் அதற்கு முன்பே வடித்து வைத்திருந்தாள். அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அப்போது கதவுகள்தான் கண்ணில் பட்டன.

அதற்கடுத்த முறை அத்தான் வந்தபோது பையில் சாக்லேட் இருந்தது, சோப்பு இருந்தது, பெட்டி இல்லை. சிங்கப்பூர்க் கடைக்காரரிடம் கேட்டாராம். அந்தப் பொம்மை விளையாட்டைக் கம்பெனி நிறுத்திவிட்டது, இனிமேல் புதுசு எதுவும் வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வருஷம் முழுக்க நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பொம்மைகளை யாரும் செய்யவே இல்லை. கோகோ துக்க வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு பெட்டிகளின் பின்பக்கத்தையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வேகமாக வந்தாள். அவள் முகத்தை அவ்வளவு பிரகாசமாக நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அப்ப முடிஞ்சிருச்சா? இனிமே வரவே வராதா? அப்ப நீங்க இங்கயே இருந்துடலாம்ல?"

அன்று பார்த்து கரண்ட் இருந்தது. திரையில் அந்தப் பனித் தெரு தெரிந்தது. அத்தான் அதைக் காட்டி, கோகோவுக்கும் புரியட்டும் என்று பர்மிய மொழியில் சொன்னார்: கதவெல்லாம் திறந்தால் நிற்கிறேன் என்றுதானே சொன்னேன், இதுதான் திறக்கவே போவதில்லையே.

கோகோ துக்கத்தை மறந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கையான பேச்சுதான் அது, வேறு வீட்டில் நடந்திருந்தால் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பேன். அக்கா திரையைப் பார்த்தாள். "ஆமா, தொறக்காது" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்த விடுமுறை முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டையும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனார்கள், தன்லியினுக்குப் போய் மாமியாரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அத்தானுக்குப் பிடித்த மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவை வீட்டிலேயே செய்தாள். "கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்று அத்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "சரி" என்றாள். "இந்தத் தடவ நீள காண்ட்ராக்ட்" என்றார். "அப்ப ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வெக்கறேன்" என்றாள். அத்தான் மீன் முள்ளை எடுப்பதுபோல ரொம்ப நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அக்கா பழகிக்கொண்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

ஏர்போர்ட்டுக்கு எப்போதும் அக்காதான் போவாள், போய் அழுதுவிட்டு வருவாள். அந்த முறை கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிட்டாள். நான் போனேன். டாக்சியிலிருந்து பெட்டியை இறக்கி வைத்த பிறகு, அத்தான் உள்ளே போகாமல் நின்றார்.

"தம்பி, ஒங்க அக்கா இந்தத் தடவ அன்னிக்கு அப்புறம் ஏன் போகாதேன்னு சொல்லல?"

"சொன்னா நீங்க சிரிப்பீங்க. அதான் விட்டிருப்பா."

"சிரிப்பேன்தான்." பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "எனக்கு முதுகு முடியல, தம்பி. இந்தத் தடவ நின்னுடலாம்னுதான் வந்தேன். கோகோகிட்ட பேட்டரி வேலைக்குக்கூடக் கேட்டு வெச்சேன். அவ கேப்பா, சரி போன்னு நின்னுடலாம்னு இருந்தேன். அந்தக் கதவுப் பேச்சு சும்மா வெளையாட்டுக்கு. அதுக்கு அவ சண்ட போடுவா, அப்ப ஒத்துக்கலாம்னு பாத்தேன். அவ சண்டயே போடல. நான் இங்க இருக்க வேணாம்னு நெனக்கறாளோன்னு..."

"ஐயோ அத்தான், வாங்க திரும்பிடலாம்" என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சே" என்றார். "யாபாதெ." என் கையை மெல்ல விலக்கிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். குனிந்து பெட்டியைத் தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

ஒரே வீட்டில் இரண்டு மாதம் இரண்டு பேரும் ஒன்றையேதான் விரும்பியிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் கையிலும் சாப்பாடு வாங்கித் தின்ற எனக்கு அது தெரியவில்லை. ஊரில் இல்லாத பொம்மையின் நிழலைப் பார்த்து அதன் காது எப்படி இருக்கும், வால் எப்படி இருக்கும் என்று சொன்னவன் நான். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வந்தாள். படியேறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே, "ஏறிட்டாரா?" என்று கேட்டாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், முடியவில்லை. அத்தான் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். முதுகு, கோகோ கடை வேலை, அவள் மறுபடி கேட்பாள் என்று அவர் காத்திருந்தது, எல்லாவற்றையும். அவள் தோளில் மாட்டிய பையை இறக்காமலே நின்று கேட்டாள்.

"வந்த ஒவ்வொரு தடவையும் கேட்டேன்டா" என்றாள். "இந்தத் தடவ மட்டுந்தான் திரும்பக் கேக்கல."