தங்கம் தெரியாமல் ஒட்டித் தாங்கோ

உடைந்த பீங்கானைத் தங்கத்தால் ஒட்டும் ஜப்பானியக் கலையை மெல்பேர்னில் கற்பிக்கும் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, போட்டிக்கு ஆள் வரவில்லை. வார நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் தொலைபேசி எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் தத்துவம் பேசுகிறேன். எனக்குக் கற்றுத் தந்தவர் கியோட்டோவுக்கு விடுமுறை போய்வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. போன இடத்தில் ஞானம் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும், நிறையவே கொண்டுவந்திருந்தார். முறைப்படி செய்தால் மரத்திலிருந்து எடுக்கும் அரக்கு வேண்டும், அது வாரக்கணக்கில் காய வேண்டும். எங்கள் வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். ஆகவே கடைப் பசை, அதன்மேல் தங்க நிறத் தூள்.

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் பகுதியில் எங்கள் மாதர் குழுவுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டார்கள். வீட்டில் உடைந்து கிடக்கும் பீங்கான் ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். தமிழ் வீட்டில் உடைந்த பாத்திரம் எங்கே கிடக்கும்? கீறல் விழுந்தாலே தரித்திரம் என்று அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஞானம் என் கண்ணை மறைத்துவிட்டது. அநேகமாக எல்லோரும் புதுத் தட்டு வாங்கி, உடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் துவாயில் சுற்றிச் சுத்தியலால் அடித்திருந்தார். இன்னொருவரின் கணவர், உதவி செய்கிறேன் என்று தட்டின் மேல் காரை ஏற்றியிருக்கிறார். அந்த அம்மா ஒரு பை நிறைய மாவு கொண்டுவந்திருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, காயத்தை மறைக்காதீர்கள், அதைத் தங்கத்தால் கொண்டாடுங்கள் என்று பேசினேன். பேசி முடித்ததும் முதல் கேள்வி, "இது எத்தனை கரட்?" வெறும் தூள்தான் என்றேன். சபையில் எனக்கிருந்த மரியாதை அத்தோடு பாதியாகிவிட்டது.

பின்வரிசையில் ஒரு அன்ரி மட்டும் உண்மையாகவே உடைந்த சாமானோடு வந்திருந்தார். நீலக் கரை போட்ட பெரிய பீங்கான் சட்டி, அடுப்புக்குள் வைத்து வேகவைக்கிற வகை. மற்றவர்கள் பசை குழைக்கத் தொடங்கியதும் என்னை ஓரமாக அழைத்தார்.

"பிள்ளை, இதை வெள்ளையா ஒட்டித் தருவீங்களோ? தங்கம் தெரியக் கூடாது."

"தங்கம் தெரியிறதுதான் அன்ரி இந்தக் கலையே."

"கலை கிடக்கட்டும். உடைஞ்சது ஒருத்தருக்கும் விளங்கக் கூடாது."

சட்டி அவருடைய சம்பந்தியுடையது. மகள் கட்டியது ஒரு வெள்ளைக்காரப் பையனை. அவன் தாய் தன் கல்யாணத்துக்குக் கிடைத்த சட்டியில் லசானியா செய்து கொடுத்துவிட்டிருக்கிறார். அன்ரி கழுவும்போது கை வழுக்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதே எங்களுக்குக் குறைச்சல், இங்கே கொடுக்கப் பாத்திரமே இல்லை. அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில் எந்த விருந்து என்றாலும் அன்ரிக்குத் தலையிடி. இப்போது மகள் வயிற்றில் பிள்ளை. அடுத்த நாள் சம்பந்தி வீட்டில் அதற்கான விருந்து. இந்த முறையும் வராவிட்டால் என் வீட்டுக்கும் வர வேண்டாம் என்று மகள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள்.

"உடைஞ்சு போச்சு எண்டு உள்ளதைச் சொல்லலாமே, அன்ரி?"

"என்னெண்டு சொல்லுறது? அவையளிட்ட முதல் முதல் வாங்கின சாமான்."

நான் பேசாமல் வெள்ளையாகவே ஒட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஜப்பானின் மானம் என் கையில் இருப்பதுபோல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கம்தான் அழகு, சம்பந்தி மலைத்துப்போவார் என்று அளந்தேன். அன்ரி பாவம், நம்பிவிட்டார். ஒட்டி முடித்துக் கையில் கொடுக்கும்போது, இது அலுமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தான், சாப்பாடு போடக் கூடாது, சூடு படவே கூடாது என்று சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். எங்கள் அன்ரிமார் இரண்டு தரம் ஓம் சொன்னால் காதில் விழவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கே அழைப்பு வந்தது.

"பிள்ளை, உங்கட தங்கம் ஒட்டேல்லை."

"சாப்பாடு வைச்சனீங்களோ?"

"வெறும் சட்டியை என்னெண்டு குடுக்கிறது? சக்கரைப் பொங்கல் வைச்சனான்."

"சுடச்சுடவோ?"

"ஆறின பொங்கலை ஆர் கொண்டுபோவினம்?"

விருந்து மேசையில், எல்லோர் முன்னிலையிலும் வைத்திருக்கிறார். பசை இளகி, சட்டி நிதானமாக வாய் பிளந்து, பொங்கல் வெள்ளை மேசைவிரிப்பில் நடந்து போயிருக்கிறது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாளாம். இனி மறைக்க இடமில்லை என்று ஆனதும், எப்போது உடைந்தது, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அன்ரி தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எனக்குத் தலை குனிந்தது. வரிசையில் நின்ற நோயாளி தாடையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"சம்பந்தி ஏசினவவோ, அன்ரி?"

"அவ அழுதவ, பிள்ளை. தன்ர சாப்பாடு எனக்கு அருவருப்பு, அதுதான் வாறேல்லை, சட்டியையும் எறிஞ்சுபோட்டன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருக்கிறா. தான் என்ன பிழை விட்டனெண்டு என்ர மகளிட்ட எத்தினை தரம் கேட்டவவாம். நான் இஞ்ச வெக்கத்திலை சாகிறன், அந்த மனிசி அங்க கவலையிலை சாகுது."

சனிக்கிழமை நான் பேசிய வசனங்களில் ஒன்றாவது இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கூச்சமாக இருந்தது. சட்டியைக் கொண்டு வாருங்கள், இந்த முறை ஒழுங்கான அரக்கு வாங்கி ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"இல்லைப் பிள்ளை. நாங்கள் ரெண்டு பேருமாச் சேந்து அதைக் குப்பையிலை போட்டிட்டம்."

"தங்கத்தோடையோ?"

"தங்கத்தோடைதான்" என்றார் அன்ரி.