செல்வியின் கடைவாய்ப் பல்லும் இரண்டு சிமெண்டும்

1. ஒரு கை உப்பு

மரக்காணத்தில் ஒரு பல் கிளினிக்கில் பல் அடைக்கிற சிமெண்ட் கலக்கியே ரிட்டயர் ஆனவள் நான். எங்கள் கடற்காற்றில் பவுடர் பாட்டிலைத் திறந்து வைத்தால் போச்சு, ஈரம் இழுத்துக்கொள்ளும். மூடியைச் சரியாகத் திருகாதவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் காலை செல்வி வந்து வாயைத் திறந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முந்தின நாள்தான் எங்கள் நஸ்ரீன் டாக்டர் அவளுடைய வலது கடைவாய்ப் பல்லை அடைத்திருந்தார். மேலே தெரிந்த சிமெண்ட் வெளிறிப்போய், ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. இடது பக்கம் மெல்லுவதற்கு அவளுக்குப் பல்லே கிடையாது. இதுவும் போனால் கஞ்சிதான்.

"என்னம்மா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சிஸ்டர். சாயங்காலம் பாத்தியில ஒரு கை உப்பு எடுத்து வெளக்கினேன். மருந்து வெச்ச பல்லாச்சேன்னு அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடவே தேச்சேன்."

"நேத்து வெச்ச சிமெண்ட்ட நேத்தே சொரண்டி எடுத்துட்டியே!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். "விடுங்கக்கா. ஊரே உப்புலதான் வெளக்குது. சூடா சாப்பிடாதீங்கன்னு சொன்ன நான் உப்ப மறந்துட்டேன்."

2. அடியில் இருந்தது

சொத்தை நரம்பை ஒட்டிப் போயிருந்ததால் அடியில் கால்சியம் சிலிகேட் சிமெண்ட், மேலே சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு கசியும் சிமெண்ட் என்று இரண்டு அடுக்கு வைத்திருந்தோம். அடி அடுக்கும் விரிசல் விட்டிருந்தால் கிருமி நரம்புக்கு இறங்கிவிடும். வேர் சிகிச்சைக்குத் திரும்பத் திரும்ப வர உப்பு சீசனில் செல்வியால் முடியாது. பிடுங்கத்தான் வேண்டும்.

டாக்டர் மேல் அடுக்கை மெதுவாக எடுத்துவிட்டு, ஊசியால் அடியைத் தட்டிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கிருமியக் கொல்ற மருந்தையே இதுல நெறைய கலந்துட்டா என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"அதத்தான் லேப்ல எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. அதிகமா கலந்தா சிமெண்ட்டோட பலம் போயிடுதுக்கா. கிருமியும் அண்டக் கூடாது, கடிக்கிறதையும் தாங்கணும், பல்லுக்கும் வேலை குடுக்கணும்."

புதிதாக அடைத்து, சிமெண்ட் இறுகும்வரை அதைக் காக்க மேலே வார்னிஷ் பூசி, "நான் சொல்ற வரைக்கும் உப்புல வெளக்க வேணாம்கா" என்று செல்வியை அனுப்பினார். டாக்டர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்தப் பொறுமையைப் பார்த்து அசந்துபோனேன். எனக்கு அது கடைசிவரை வரவே இல்லை.

3. எக்ஸ்ரே

சீசன் முடிந்து செல்வி வந்தாள். வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். எக்ஸ்ரேயில் சிமெண்டுக்கும் நரம்புக்கும் நடுவே முன்பு இல்லாத மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. ஓட்டையை அடைப்பதோடு சிமெண்டின் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிருமியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே பல்லை வேலை செய்ய விடுவதுதான் நல்ல சிமெண்ட் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"இது நீங்க வெச்சதா டாக்டரம்மா?" என்று கோட்டைக் காட்டிக் கேட்டாள் செல்வி.

"இல்லக்கா. இது உங்க பல்லு தானா கட்டிக்கிட்ட புதுச் சுவரு."

அவள் கன்னத்தில் கை வைத்தபடி படத்தையே பார்த்தாள்.

"உப்புல நின்னு நின்னு என் ஒடம்பு தேஞ்சிதான் போவுதுன்னு இருந்தேன். புதுசா வளரக் கூட செய்யுமா?"