முதலில் நீள மணி

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கணீரக்காவை ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டும். முற்றத்து மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அக்கா கையில் இரும்புக் கம்பி. வகுப்பு மாற ஒரே ஒரு அடி. சாப்பாட்டுக்கு நிறுத்தி நிறுத்தி மூன்று. விளையாட்டுக்கு நிறுத்தாமல் கணகணவென்று ஒரே நீளமாக. பதினோரு வருடத்தில் ஒரு நிமிடம் முன்னே பின்னே போனது கிடையாது. அதற்கு முன்னால் நூல் ஆலையில் இருந்தார். ஆலைச் சங்குக்குப் பயந்து ஓடிப் பழகிய கால், இங்கே வந்தும் நடக்கக் கற்றுக்கொள்ளவில்லை. நாற்பத்து நான்கு வயதில் வராந்தாவில் அவர் போகிற வேகத்துக்கு ஓட்டம் என்றுதான் பெயர். கணீரக்கா என்ற பெயர் பிள்ளைகள் வைத்தது.

மணி அடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. தண்ணீர்த் தொட்டி நிரப்ப வேண்டும், வராந்தா பெருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மிச்ச வாளிகளைச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே இரண்டு பெரிய வாளிகள் இருக்கும். தினமும் இரண்டும் நிரம்பிவிடும். சோறு, பருப்பு, வேகவைத்த பீன்ஸ், கேரட், கீரை, பாதி கடித்த முட்டை. வாளியைத் தூக்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும். ஏனென்றால் அதைச் சமைத்தது அவருடைய சொந்த அண்ணன்.

அண்ணன் பள்ளிச் சமையல்காரர். விடியற்காலையில் வந்து காய் நறுக்க உட்காருகிற மனிதர். வாளியைப் பார்க்கிற நாளெல்லாம் முகம் சுண்டிப்போகும்.

"என் கைப்பக்குவம் போச்சும்மா. வயசாயிடுச்சு" என்பார்.

"கை நல்லாத்தான் இருக்கு. புலம்பல்தான் ஜாஸ்தியாயிடுச்சு" என்பார் அக்கா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கை உறிஞ்சிக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அன்றைக்கு அவர்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே கழற்றி வைத்திருந்தார்.

"தினம் ரெண்டு வாளி வீணாகுதுன்னு பள்ளிக் கமிட்டிக்குத் தெரிஞ்சு போச்சு. சமையல்கட்டை மூடிடலாம்கறாங்க. அடுத்த மாசத்திலேர்ந்து பாக்கெட் பன்னும் பாட்டில் ஜூஸும்தான். வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பார்த்துட்டு கையெழுத்துப் போடுவாங்க."

அண்ணன் நேராகச் சமையலறைக்குப் போனார். போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த அண்டாவை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அண்ணன் வேலை போவது ஒரு பக்கம். வளருகிற பிள்ளைகள் தினமும் பன்னைக் கடித்துச் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதை நினைத்தால் அதைவிட ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா சாப்பாட்டுக் கூடத்து வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

"தட்டு காலியானாத்தான் வெளியே விடுவேன். சொல்லிட்டேன்!"

தட்டுகள் காலியாயின. அதிசயம்தான். ஆனால் கேரட் சட்டைப்பைக்குப் போயிருந்தது, பீன்ஸ் பென்சில் டப்பாவுக்குப் போயிருந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் உண்டு. எதையும் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடாததால் அக்கா அவளை மூணுவாய் என்றுதான் கூப்பிடுவார். அவள் முழு முட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாயில் ஒன்றுமில்லை என்று தலையாட்டியபடியே அக்காவைத் தாண்டிப் போனாள். சாப்பாடு முடிந்ததும் விளையாட்டு நேரம். மைதானத்தில் இரண்டே இரண்டு ஊஞ்சல், ஒரே ஒரு பந்து. முதலில் கை கழுவுகிறவர்கள் மைதானத்து வாசலில் போய் வரிசை பிடித்துக்கொள்ளலாம். அவர்களுக்குத்தான் ஊஞ்சல். இது தெரிந்த எந்தப் பிள்ளை உட்கார்ந்து கீரையை மெல்லும்?

புதன்கிழமை பன்னிரண்டே கால். அக்கா கம்பியை எடுத்தார். ஒன்று அடித்தார். இரண்டு அடித்தார். மூன்றாவது அடிக்குக் கிளையிலிருந்து ஒரு குளவி கிளம்பி நேராக அவர் மூக்கை நோக்கி வந்தது. அக்கா வீல் என்று கத்திக்கொண்டு கம்பியை வீசினார். குளவி மேல் படவில்லை. அத்தனை அடியும் தண்டவாளத்தின் மேல் விழுந்தது. கணகணகணவென்று ஊரே கேட்கும்படி நீள மணி.

அவ்வளவுதான். ஆறு வகுப்பறைகளும் ஒரே நேரத்தில் காலியாகின. அக்கா குளவியிடமிருந்து தப்பித்துத் திரும்பிப் பார்த்தபோது மைதானமே புழுதிக்குள் இருந்தது. பந்து ஒரு பக்கம், ஓடிப்பிடிப்பது ஒரு பக்கம், கயிறு தாண்டுவது ஒரு பக்கம்.

"அடிப் பாவி, சோறு ஆறுது!" என்று அண்ணன் கரண்டியோடு ஓடிவந்தார். யார் காதில் விழும்? அரை மணி நேரம் கழித்து மூன்று அடி அடித்தபோதுதான் பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்து, முகம் சிவந்து, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் கூடத்தில் ஒரு சத்தமில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

அக்கா வாளிகளைத் தூக்கப் போனார். ஒன்றில் ஒரு முட்டை ஓடும் இரண்டு வாழைப்பழத் தோலும் கிடந்தன. இன்னொன்று சுத்தமாகக் காலி.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "யாரு கொட்டிட்டுப் போனது?"

"யாரும் கொட்டலண்ணே. தின்னுட்டாங்க."

அண்ணன் நம்பவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்த் தேடிவிட்டு வந்த பிறகுதான் சிரித்தார்.

அக்காவுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. உடனே தலைமையாசிரியையிடம் ஓடி, குளவி வந்த கதையைச் சொன்னார். "மேடம், முதல்ல ஆடட்டும், அப்புறம் சாப்பிடட்டும். ஓடி வந்தா பசிக்குது. அப்புறம் ஓடறதுக்கு ஒண்ணுமில்ல, அதனால நிம்மதியா உக்காந்து சாப்பிடுதுங்க. கைப்பக்குவத்துல கோளாறே இல்ல மேடம், மணியிலதான் கோளாறு!"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "கால அட்டவணை கமிட்டி போட்டது. நான் மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை அவங்க இருக்கறப்போ இன்னொரு தப்பு மணி விழுந்துச்சுன்னா, உங்க வேலைக்கே நான் பொறுப்பில்ல."

வியாழக்கிழமை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சரியாக மூன்று அடி அடித்தார். இரண்டு வாளியும் விளிம்பு தட்ட நிரம்பின. ஒரு நாள் சிரித்த அண்ணன் மறுபடி அண்டாவைத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் கனத்த சரீரம். மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டே கால். அக்கா கம்பியை எடுத்தார். பதினோரு வருட வேலை. இது போனால் இன்னொரு வேலை எங்கே கிடைக்கப்போகிறது? சமையலறை ஜன்னலில் அண்ணனின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அக்கா யோசிக்கவில்லை. கம்பியை ஓங்கி, மூச்சு முட்டுகிறவரைக்கும் நீளமாக அடித்தார்.

பிள்ளைகள் பறந்தார்கள். தலைமையாசிரியை பதறிப்போய் ஓடிவந்தார்.

"இன்னைக்கும் குளவியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல மேடம். நானேதான் அடிச்சேன்" என்றார் அக்கா.

அதற்குள் பந்து உருண்டுவந்து தலைவர் காலடியில் நின்றது. "தாத்தா, உதைங்க!" என்று மூணுவாய் கத்தினாள். தாத்தா என்றதும் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து உதைத்தார். பந்து ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போயிற்று. பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். விடுவாரா மனிதர்? இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கினார். மற்ற இருவரும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார்கள். அக்கா நிறுத்தி நிறுத்தி மூன்று அடி அடித்தபோது தலைவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட வேகத்தை அவர் வாசலில் நின்றே பார்த்தார். மூணுவாய் தட்டை நீட்டி, "இன்னும் கேரட் இருக்கா?" என்று கேட்டாள். அண்ணன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அக்கா இடித்த பிறகுதான் போட்டார். தலைமையாசிரியை தலைவரை அழைத்துக்கொண்டு போய் இரண்டு வாளிகளையும் காட்டினார். தலைவர் உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"எனக்கும் ஒரு தட்டு போடுங்க. பசி உயிர் போகுது."

அண்ணன் அண்டாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஐயா... தீர்ந்துபோச்சுங்க" என்றார். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

தலைவர் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை கொஞ்சம் கூடுதலாச் சமைங்க. எல்லா நாளும் இனிமே விளையாட்டு மணி முதல்ல அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தினமும் கடைசியில் அண்ணனும் தங்கையும் சாப்பிடுவதும் அதே அண்டாவிலிருந்துதான். அக்கா அடியில் கரண்டியை விட்டுப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை.

"இப்போ என்னம்மா பண்றது?" என்றார் அண்ணன்.

"என்ன பண்றது? பட்டினிதான்" என்றார் அக்கா. அண்ணனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் காலி அண்டாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.