யோகன் அண்ணை சொன்ன நாற்பத்தொன்று

பேய், பிசாசு, சாத்திரம் என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. கோயிலுக்குப் போனாலும் சாப்பாட்டுக்குத்தான் போவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, எழுதிப் பழக்கமும் இல்லை. இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வெளிநாடு வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நாலு பேர் சேர்ந்து இருந்தோம். இரண்டு பேருக்கு ஞாயிறும் வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பகலில் நானும் யோகன் அண்ணையும்தான் வீட்டில். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சனி இரவு முழுக்கப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்றுவிட்டு காலை ஏழு மணிக்கு வந்து ஹோலில் கிடக்கும் மெத்தையில் விழுவார். போன் தலைமாட்டில் இருக்கும். ஒன்பது மணியளவில் அவருடைய மனைவி மலர் அக்கா வவுனியாவிலிருந்து எடுப்பா. அங்கே அப்போது இரவு. ஒரு கடையில் வரிசையில் காத்திருந்து இரண்டு நிமிடம் கதைப்பா. அந்த மணி கேட்டால் மட்டும் இந்த மனிதன் எழும்புவார். கதைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுவார்.

நான் வேலை செய்த இடத்தில் டெஸ்மண்ட் என்று ஒருவன் பந்தயம் பிடித்தான். கயானாக்காரன். ஞாயிறு ஒரு மணிக்கு ரிவியில் அமெரிக்கன் ஃபுட்போல் போடுவார்கள். காலால் அடிக்கிற நம்முடைய பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. யார் வெல்வது என்பது டெஸ்மண்டுக்குத் தேவையில்லை. இரண்டு பக்கமும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டினால் எவ்வளவு வரும்? அதைச் சரியாகச் சொன்னால் ஒன்றுக்கு இருபது தருவான். எங்கள் கட்டடத்துக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் பன்னிரண்டு மணி வரை இருப்பான். எனக்கு அந்த விளையாட்டின் சட்டம் ஒன்றும் தெரியாது. கூட்டத் தெரியும். அது காணும் என்று நினைத்தேன். இரண்டு வருடமாகக் கட்டித் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். யோகன் அண்ணை நித்திரையில் "முப்பத்தேழு" என்றார். தெளிவாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது, எழும்பிக் கதைத்தார். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தேன். இருபதுக்குப் பதினேழு. கூட்டிப் பாருங்கள்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு "நாற்பத்துநாலு" என்றார், உடனே போன் அடித்தது. நான் பகிடிக்கு ஐந்து டொலர் கட்டினேன். நாற்பத்துநாலுதான் வந்தது. டெஸ்மண்ட் காசை எண்ணித் தரும்போது என்னை ஒருமாதிரிப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை. யோகன் அண்ணையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பங்கு கேட்பார் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மனிதன் இல்லை அவர். ஆனால் நான் அப்படி நினைத்தேன்.

மூன்றாவது சனி, வேலைக்குப் போக முதல் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"சிவம், நாளைக்கு என்னைக் கட்டாயம் எழுப்பிவிடு. இண்டைக்கு டபிள் ஷிப்ட், செத்தமாதிரிக் கிடப்பன். ஏஜென்சிக்காரன் திங்கள் இஞ்சை வாற ஆக்களை வெளிக்கிடுத்திறானாம். நான் ஓம் எண்டு சொன்னாத்தான் மலர் கொழும்புக்குப் போவாள்."

"எழுப்பிறன் அண்ணை."

"தண்ணியை ஊத்தியெண்டாலும் எழுப்பு."

"ஓம் ஓம். தண்ணி என்ன, ஐஸே ஊத்திறன்."

சிரித்துக்கொண்டு போனார். அவர் இங்கே வந்து மூன்று வருடம், அக்காவைக் கண்டும் மூன்று வருடம். எல்லாம் தெரிந்துதான் ஓம் என்றேன்.

ஞாயிறு காலை எட்டரை மணியிலிருந்து மெத்தைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஒன்பதாகியும் வாய் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. போன் அடித்தால் எழும்பிவிடுவார், எழும்பினால் நம்பர் இல்லை. நான் ரிசீவரை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். இனி யார் எடுத்தாலும் எங்கேஜ் என்றுதான் கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்று நினைத்தேன்.

வைத்து ஒரு நிமிடம் போகவில்லை, "நாற்பத்தொன்று" என்றார். நான் எழுந்து ஜக்கெற்றைப் போட்டேன். "நாற்பத்தொன்று." முந்தி ஒரு தரம்தான் சொல்வார். அன்றைக்கு நிறுத்தவில்லை. கண் மூடியபடியே, கொஞ்சம் விட்டு, திரும்பவும் அதே நம்பர். குரலில் ஒரு அவசரம் இருந்தது.

ரிசீவரை வைக்க மறந்துவிட்டேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. வைத்தால் போன் அடிக்கும், அவர் எழும்புவார், குலைந்துபோய் நம்பர் பிழையாகிவிடும் என்று பயந்தேன். ஒன்றையும் நம்பாதவன்தானே நான், நம்பினால் நம்புங்கள், அதைத்தான் நம்பினேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கீழே போய் டெஸ்மண்டிடம் நூறு டொலர் கட்டினேன்.

டெஸ்மண்டின் வீட்டிலேயே ஆட்டத்தைப் பார்த்தேன். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது முப்பத்தெட்டு. அந்த விளையாட்டிலும் சில நேரம் காலால் அடிப்பார்கள்; கடைசியில் ஒருவன் அப்படி அடித்து மூன்று புள்ளி எடுத்தான். டெஸ்மண்ட் ரிவியை நிறுத்திவிட்டு, இனி உன்னிடம் பந்தயம் பிடிக்கமாட்டேன் என்றான். காசைத் தந்தான்.

நான் திரும்பி வர நாலரை. கதவைத் திறக்கவே கேட்டது. "நாற்பத்தொன்று." தொண்டை அடைத்துக் குரல் கம்மியிருந்தது. ஏழரை மணித்தியாலம் அந்த மனிதன் அதையே சொல்லியிருக்கிறார். நான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்து வைத்தேன். வைத்தவுடனே நிறுத்தினார். கண்ணைத் திறந்தார்.

"போன் வந்ததே, சிவம்?"

"இல்லை அண்ணை. லைன் பிழையாக்கும்."

"நீ எங்கையும் போகேல்லையே?"

"இல்லை. இஞ்சைதான் இருந்தனான்."

"நல்ல காலம் நீ இருந்தாய்" என்றார். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று கிழமையில் மலர் அக்காவின் கடிதம் வந்தது. யோகன் அண்ணை குசினி மேசையில் இருந்து எனக்கும் கேட்க வாசித்தார். ஏஜென்சிக்காரன் அவவின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தா: அந்தக் கடையில் போனுக்கு வருகிறவர்களுக்கு நம்பர் எழுதிய துண்டு கொடுப்பார்கள். அன்றைக்கு எனக்கு நாற்பத்தொன்று. கடைக்காரர் நம்பரைக் கூப்பிடக் கூப்பிட எழும்பி எழும்பிப் போனேன், ஒவ்வொரு தரமும் உங்கள் போன் எங்கேஜ். கடை பூட்டின பிறகு ஊரடங்கு, போக வழியில்லை. கடைக்காரரின் வீட்டு விறாந்தையில் துண்டைக் கையில் வைத்தபடி விடியும்வரை இருந்தேன்.

யோகன் அண்ணை கடிதத்தை மடித்தார். "ரெலிபோன் கொம்பனிக்காரர் நாசமாய்ப் போவான்கள்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

முப்பத்தேழும் நாற்பத்துநாலும் கூட அவவின் துண்டில் இருந்த நம்பர்களோ? மலர் அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு நான் பந்தயமும் கட்டவில்லை, அவரும் நம்பர் சொல்லவில்லை. அந்தக் காசில் ஒரு பழைய கார் வாங்கினேன். நாலு வருடம் கழித்து மலர் அக்கா வந்து இறங்கினபோது அந்தக் காரில்தான் எயார்போர்ட்டிலிருந்து ஏற்றி வந்தேன். பின்சீற்றில் இருந்து இரண்டு பேரும் அழுதார்கள். நான் றோட்டைப் பார்த்தபடி காரை ஓட்டினேன்.

இப்போது அவர்கள் ஒஷாவாவில். போன வருடம் போயிருந்தேன். யோகன் அண்ணை வெளியே பனி வழித்துக்கொண்டிருந்தார். மலர் அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தா.

"தம்பி, உங்களை ஒண்டு கேக்கவேணும் எண்டு கனநாளாய் யோசிச்சனான். இவர் ஞாயித்துக்கிழமை விடிய நித்திரையிலை கதைக்கிறவர்."

"என்ன, நம்பரே?" வாய் தவறி வந்துவிட்டது.

"நம்பரோ? சேச்சே. உங்கடை பேர்தான். 'சிவம், போனை வையடாப்பா' எண்டு. கெஞ்சிற மாதிரிக் கிடக்கும். எழுப்பிக் கேட்டால் தனக்கு ஒண்டும் தெரியாதாம்." என் முகத்தையே பார்த்தா. "அது எந்தப் போன், தம்பி?"

தெரியாது அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்தான்.

ஆனால் அன்றைக்கு நாலரை மணிக்கு நான் ரிசீவரை எடுத்து வைத்தேனே. அவர் ஏன் இன்னும் கேட்கிறார்?