வெண்டல் பார்க்க வருகிறார், வீட்டைக் கூட்டாதீர்கள்

வெண்டல் ஹாகனோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள், உங்களுக்கே எரிச்சல் வரும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. தாடையைச் சொறிவார், "பாக்கலாம்" என்பார், அவ்வளவுதான். அப்படி ஒரு கல்லுளிமங்கன். அரிசோனாவில் இந்த முகாமின் ஆபீசில் பதினான்கு குளிர்காலமாக உட்கார்ந்திருக்கிறேன், அதில் பதினொன்று அவரைத் திட்டியே கழிந்தது. ஆனாலும் நவம்பரில் அவர் வருவதற்கு ஒரு வாரம் தாமதமானால் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருப்பதும் நான்தான். அது வேறு விஷயம்.

வடக்கு டகோட்டாவில் முப்பத்தோரு வருடம் ரயில்வே வேலை. சரக்கு ரயில் வந்து நின்றதும் பெட்டி பெட்டியாகக் குனிந்து சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும், அதுதான் அவருடைய உத்தியோகம். ஓய்வு பெற்றதும் குளிர் பொறுக்காமல் இங்கே வர ஆரம்பித்தார். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, அடியில் ஓர் அச்சு, இரண்டு சக்கரம். அது ஒரு பக்கம் சாய்ந்தாலும், ரோட்டில் குதித்தாலும், டயரைத் தின்றாலும் வெண்டலைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்க மாட்டார். அன்று அந்த வீட்டில் என்ன சமைத்தார்களோ அதில் ஒரு தட்டு போதும். கருவி என்று பார்த்தால் விரித்துப் படுக்க ஒரு கிழிந்த கம்பளம், ஒரு டார்ச், அப்புறம் அவருடைய விரல்கள். இடைவெளியை எல்லாம் விரல் கணக்கில்தான் அளப்பார்.

அவர் போடுகிற நிபந்தனை ஒன்றே ஒன்று. பார்க்க வருவதற்கு முன் வீட்டைக் கூட்டக்கூடாது, எதையும் இறக்கக்கூடாது, ரோட்டில் எப்படி ஓடியதோ அப்படியே நிற்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எங்கள் ஜனங்கள் கேட்கவே மாட்டார்கள். ஊர் சுற்றுகிறவர்கள் என்றாலும் வெளியாள் உள்ளே வருகிறார் என்றால் மானம் போகிறது என்று பறந்து பறந்து ஒதுக்கி வைப்பார்கள். எது கனமோ, எது வெட்கமோ, அதுதான் முதலில் வெளியே போகும். ஒரு பாஸ்டர் இருந்தார், நல்ல மனுஷன். ஏழு விஸ்கிப் பெட்டிகளை என் ஆபீசில் கொண்டுவந்து வைத்து, "பழைய துணி" என்றார். வெண்டல் போய் டயரைத் தடவினார், அடியில் படுத்து எழுந்தார், "எத்தனை பெட்டி, பாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

சரி, இர்மாவும் பெரிலும் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அக்கா தங்கை. இர்மாவுக்கு எழுபத்து நான்கு, பெரிலுக்கு அறுபத்தொன்பது. ட்ரெய்லர் இர்மாவின் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது பெரில். ஒன்பது வருடமாக அந்த ட்ரெய்லரைத் தவிர பெரிலுக்கு வேறு வீடு கிடையாது. மார்ச்சில் ஒருநாள் பெரிய ரோட்டில் ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போனதும் பின்னால் ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் வீச ஆரம்பித்துவிட்டது. பள்ளத்தில் விழாமல் தப்பியது தெய்வாதீனம். பெரிலுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. இர்மா அதைப் பிடித்துக்கொண்டாள். உன் கையும் போச்சு கண்ணும் போச்சு, ட்ரெய்லரை விற்றுவிட்டு நான் ஒஹாயோவில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மகள் வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை. பெரில் எங்கே போவாள் என்று நான் கேட்டதற்கு இர்மா ஜன்னலைப் பார்த்தாள்.

பெரில் அழவில்லை. வெண்டல் ஒரு தடவை பார்க்கட்டும், ட்ரெய்லரில் கோளாறு இல்லை என்று அவர் சொன்னால் நான் மறுபேச்சு பேசமாட்டேன் என்றாள். இர்மாவும் ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வெண்டல் வந்தார், வேடிக்கை பார்க்க நானும் போனேன். ட்ரெய்லர் மட்டமாக நின்றது. உள்ளே கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வெண்டல் பெருமூச்சு விட்டார். கம்பளத்தை விரித்து அடியில் போனார். ஸ்பிரிங்கைக் கட்டும் ஆணிகளைத் தட்டினார், அச்சை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு இடது டயருக்கு வந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டயரின் உட்புற ஓரம் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. இடது ஸ்பிரிங் வலதைவிடத் தட்டையாக இருந்தது.

பெரில் முன்பக்கம், வண்டியோடு மாட்டுகிற கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெண்டல் இர்மாவை மட்டும் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"அம்மா, டயருக்கு மேல இந்தத் தகரத்தைப் பாருங்க. கறுப்பா ஒரு கோடு தெரியுதா? டயர் இங்க உரசியிருக்கு. ஆனா இப்ப நடுவுல நாலு விரல் இடம் இருக்கு."

"அதுக்கு?"

"இவ்வளவு தூரம் கீழ இறங்கியிருந்த வீடு இன்னிக்கு எப்படி எழும்புச்சுன்னு யோசிக்கிறேன்."

"எனக்கென்ன தெரியும், நீங்கதானே மெக்கானிக்" என்றாள் இர்மா. காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் படுக்கை இடப்பக்கம், பின்மூலையில், அச்சுக்குப் பின்னால். அடியில் என்னத்தையோ வைத்திருந்து எடுத்திருக்கிறாள், சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பின்னால் பாரம் ஏறினால் முன்னால் கொக்கி லேசாகிவிடும், அப்புறம் வீசாமல் என்ன செய்யும்? வாயைத் திறக்கப் போனேன். வெண்டல் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஓட்டிப் பாப்போம்" என்றார்.

பெரில் ஓட்ட, இர்மா பக்கத்தில். பின் ஸீட்டில் நானும் அந்தக் கல்லுளிமங்கனும். பெரிய ரோட்டில் இரண்டு லாரி எங்களைத் தாண்டிப் போயின. ட்ரெய்லர் நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது. ஒவ்வொரு லாரிக்கும் பெரிலின் கழுத்து விறைத்தது. இர்மாவுக்குக் காது மந்தம், பெரிலுக்குக் கவனமெல்லாம் ரோட்டில், அதனால் தைரியமாக வெண்டல் காதில் கிசுகிசுத்தேன்.

"சொல்லித் தொலையேன்யா. பெரிலோட வீடு போயிடும்."

"நான் சொன்னா ட்ரெய்லர்தான் சரியாகும்" என்றார் வெண்டல்.

பத்து மைல் போனதும் பெரில் ஓரங்கட்டி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். அந்த அனலில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள் பெரில். "அப்ப என் கைதான். நீ சொன்னது சரி இர்மா." சாவியை உருவி அக்காவின் மடியில் வைத்தாள். "வித்துடு. நான் எதாவது பாத்துக்கறேன்."

இர்மா சாவியைத் தொடவில்லை. ஒரு பெருமூச்சு, இன்னொரு பெருமூச்சு. அந்த நிமிடம் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை, சொல்லிவிடுகிறேன்.

"கல்லு" என்றாள் கடைசியில்.

"என்ன கல்லு?"

"என் படுக்கைக்கு அடியில. நேத்து நீ துணி துவைக்கப் போனப்ப எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சேன்."

இங்கே கல் பொறுக்காதவர்கள் கிடையாது. பாலைவனத்தில் நடந்தால் பச்சையும் சிவப்பும் கோடு கோடாக எது கிடந்தாலும் பைக்குள் போகும். அதனால்தான் ஆளுக்கு வருடத்துக்கு ஐந்து கல், மீதியைக் கிளம்பும்போது போட்டுவிட வேண்டும் என்று இருவரும் முதல் வருடமே பேசி வைத்திருந்தார்கள். பெரில் தன்னுடையதைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

"எவ்வளவு இருக்கும்?"

"தெரியல. தூக்கத் தூக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. முன்னூறு பவுண்டு இருக்கலாம்." இர்மா அழ ஆரம்பித்தாள். "அவர் வந்து பாத்தா அசிங்கம்னு நினைச்சேன், அவ்வளவுதான் நினைச்சேன். ரோட்டுல நேரா ஓடுறதைப் பாத்த பிறகுதான்..."

பெரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா ராத்திரி தூங்கல நான். என் கையையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்."

"தெரியும்டி" என்றாள் இர்மா. "பக்கத்துப் படுக்கைதானே."

வெண்டல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், இடது ஸ்பிரிங்கை மாற்றியாக வேண்டும், அச்சும் கொஞ்சம் வளைந்திருக்கிறது, கொண்டுபோகிற கல்லை அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டும், அதுவும் இரண்டு கை நிறைய போதும் என்றார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது லாரி ஒன்று சத்தமாகப் போனது. அது போய் மறையும் வரை பொறுத்திருந்துவிட்டுப் பெரில் அக்காவின் பக்கம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு" என்றாள்.

இர்மா கொடுத்தாள். பெரில் இன்ஜினைக் கிளப்பி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெதுவாக ரோட்டில் ஏற்றினாள்.