துடைக்கக் கூடாத கருப்பு

மடித்த மை ஒற்றும் தாளின் முனையைக் காந்தத்தின் வளையப் பள்ளத்தில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார் ஸ்பீக்கர்காரர். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தார் போலக் கருப்பு. "இன்னும் விடலையா நீ?" என்று பள்ளத்தையே கேட்கிறார். அடுத்த தாளிலும் கருப்பு. தாள் வெள்ளையாகத் திரும்பி வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

தெருவில் அவருக்குத் தொழில்தான் பெயர். பழைய ஸ்பீக்கர் பெட்டிகளில் கீச்சொலிகளைத் தரும் சின்ன ட்வீட்டருக்குள் ஒரு கருப்பு எண்ணெய் விட்டிருப்பார்கள். நுண்ணிய இரும்புத் துகள் கலந்தது. காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே அதிரும் கம்பிச்சுருளான காயிலின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், துள்ளலையும் அடக்கும். வருஷங்கள் போகப் போக எண்ணெய் பிசினாகிவிடும். காயில் சேற்றில் மாட்டிய கால் மாதிரி ஆகிவிடும். மணியோசை சாக்குமூட்டைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை விடுவது அவர் வேலை. "துளி கூடினாலும் வம்பு, குறைஞ்சாலும் வம்பு" என்பார். உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, காந்தத்துக்கு எட்டாமல் அடுத்த அறையில் வைப்பார். ஒரு ட்வீட்டரை மட்டும் கொண்டு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "ஒத்தைக் காதுக்கு இங்க வைத்தியம் கிடையாது. ஜோடியா கொண்டாங்க."

இப்படி ஊரையே அதட்டும் மனிதருக்கு ஒரு மாப்பிள்ளை வாய்த்திருக்கிறார். கணக்கு ஆபீசில் வேலை. மாற்றலாகி வந்தவர், வீடு கிடைக்கும்வரை மாமனார் வீட்டில் தங்கியிருக்கிறார். விடுமுறை நாளில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்துவிடுவார். கையில் செல்போன்.

"மாமா, அந்த எண்ணெயே வேண்டாங்கறாங்க. எடுத்துட்டு அப்படியே மூடிட்டா சவுண்டு பளிச்சுனு இருக்குமாம்."

"அப்படியும் சொல்றாங்க மாப்பிள்ளை."

பொண்ணைக் கொடுத்தவன் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே கோபமெல்லாம் கையிலிருக்கும் திருப்புளியின் மேல் இறங்கும். "ஏண்டா, உன்னை யாருடா கேட்டா? எதுக்குடா போற இடமெல்லாம் மூக்கை நுழைக்கிற?"

"கருவிங்களோடல்லாம் பேசறீங்களே மாமா!" என்று மாப்பிள்ளை ரசிப்பார்.

உள்ளேயிருந்து ஸ்பீக்கர்காரர் மனைவியின் குரல் வரும். "அவரு ஆசையா வந்து உக்காருறாரு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க."

சென்ற ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்தது நடனப் பள்ளி ஆசிரியையின் ட்வீட்டர் ஜோடி. மறுநாள் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் மேடையேற வேண்டும். மாலையில் தந்துவிடுவதாக வாக்கு. பாட்டிலின் அடியில் கிடந்த கடைசி எண்ணெயைச் சிரிஞ்சில் உறிஞ்சி, இரண்டு பள்ளத்திலும் அளவாக விட்டார். தூசி விழாமல் தட்டால் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தால் தட்டு ஓரமாக இருக்கிறது. மாப்பிள்ளை கையில் ஒற்றுத் தாள்.

"உள்ள இன்னும் கருப்பு மிச்சம் இருந்துச்சு மாமா, நீங்க கவனிக்கலை. வெள்ளையா வர்ற வரைக்கும் ரெண்டையும் தொடைச்சுட்டேன். உங்க மெத்தடுதான்!"

புது எண்ணெயும் கருப்பாகத்தான் இருக்கும்.

ஸ்பீக்கர்காரரின் வாய் திறந்தது. கதவோரம் நின்ற மனைவி கண்ணாலேயே அடக்கினாள். வாய் மூடிக்கொண்டது.

மாலையில் ஆசிரியை வந்தார். "எடுத்துக்கலாங்களா?"

"ஆகலைம்மா. எண்ணெய் தீர்ந்துபோச்சு. வர நாலஞ்சு நாளாகும்."

"என்னங்க இது, காலையில போன்ல கேட்டப்பகூட ரெடின்னீங்களே! நாளைக்குப் பிள்ளைங்க ஆடணுங்க."

"கணக்குத் தப்பிப் போச்சு. என் தப்புதான்."

"எண்ணெய் இல்லாமலே மாட்டித் தாங்களேன்."

"அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

"மண்டபத்துக்கு வைக்கிற சத்தத்துல காயில் கருகிடும்மா. கருகினா மாத்துறதுக்கு வேற காயில் எங்க தேடினாலும் கிடைக்காது." இதைச் சொல்லும்போது அவர் ஆசிரியையின் முகத்தை மட்டுமே பார்த்தார்.

ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா உங்களைத்தானே நம்பி வர்றேன். முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. வயசாயிட்டா யாருக்கும் இப்படித்தான்."

மாப்பிள்ளை அனுதாபத்தோடு தலையாட்டினார்.

ஸ்பீக்கர்காரர் எழுந்தார். தம் மேசைக்கு இருபுறமும் நின்ற சொந்த ஸ்பீக்கர்களின் வயரைப் பிடுங்கினார். ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், ஆசிரியையின் காரில் பின்சீட்டில் வைத்து, ஆடாமல் இருக்க நடுவில் ஒரு தலையணையும் செருகினார். "நாளைக்கு இதை வெச்சு ஓட்டுங்கம்மா. எண்ணெய் வந்ததும் மாத்திக்கலாம்."

ஆசிரியை கைகூப்பிவிட்டுப் போனார்.

ஸ்பீக்கர்காரர் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார். மாப்பிள்ளை ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எண்ணெய் மாதிரி ஐட்டமெல்லாம் எப்பவும் ஒரு பாட்டில் கூடவே வாங்கி வைக்கணும். எங்க ஆபீஸ்ல எப்படின்னா..."

ஸ்பீக்கர்காரர் ஆணியில் தொங்கிய ஹெட்போனை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை ஆபீஸ் முறையை விளக்கிக்கொண்டே போனார். இவரும் மரியாதை குறையாமல், அவ்வப்போது தலையை ஆட்டிக்கொண்டார். ஹெட்போனின் வயர் எதிலும் செருகப்படாமல் முழங்காலருகே தொங்கிக்கொண்டிருந்தது.